தலையில் அரைக் கிலோ... சும்மாடு எங்கே? குண்டூர் நாட்டுக்கு மலையேறுமா வி.ஆர் ஹெட்செட்?

காரவள்ளியைத் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கும்போதே அனுபவசாலிகள் உஷாராகிவிடுவார்கள். கையில் ஓர் எலுமிச்சம்பழம், மடியில் ஒரு காலி கவர். ஜன்னலோரப் பிள்ளைக்கு, “போனைப் பார்க்காத... ரோட்டைப் பாரு” என்று ஓர் அதட்டல். கொல்லிமலைக்கு மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு தாண்டுவதற்குள் போனில் வீடியோ பார்த்தபடி வந்தவர் முகம் வெளிறிவிடும். பக்கத்திலேயே, ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வந்த பெரியவர் சோளக்காட்டில் தெம்பாக இறங்கி டீக்கடைக்கு நடப்பார்.

இருவருக்கும் என்ன வித்தியாசம்? காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, “வண்டி திரும்புகிறது, சாய்கிறது” என்று மூளைக்குச் சொல்கிறது. போன் திரையில் ஒட்டிக்கிடக்கும் கண்ணோ, “எதுவுமே அசையவில்லை” என்று சாதிக்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படும்போது வயிறு புரட்டுகிறது. ரோட்டைப் பார்க்கும் பெரியவருக்கு இரண்டு சாட்சியும் ஒன்றே.

விர்ச்சுவல் ரியாலிட்டி ஹெட்செட்டை மாட்டிய பத்தாவது நிமிடத்தில் கழற்றி வைப்பவர்களின் கதையும் இதேதான், தலைகீழாக. கண் முன்னே ரோலர் கோஸ்டர் பாய்கிறது. உடம்பு நாற்காலியில் அசையாமல் இருக்கிறது. கொல்லிமலை பஸ்ஸில் காது சொல்வதைக் கண் மறுக்கிறது, ஹெட்செட்டில் கண் சொல்வதைக் காது மறுக்கிறது.

கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று குண்டூர் நாடு. நாமக்கல் மாவட்டத்தில், மலைமேல் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களைக் கொண்ட ஊராட்சி. சில்வர் ஓக் மரங்களில் படரும் மிளகு, காபி, பலா, வாழை, மரவள்ளி என்று பிழைப்பு. வி.ஆர் பற்றிப் பேச இந்த ஊர் எதற்கு என்று கேட்கலாம். கலிபோர்னியாவின் கம்பெனிகள் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கோடிக்கணக்கில் கொட்டியும் முழுசாகத் தீர்க்க முடியாத மூன்று சிக்கல்கள் இருக்கின்றன: கழுத்தில் ஏறும் பாரம், குமட்டல், கண்ணுக்குத் தெரியாத கால்கள். மூன்றுமே மலையில் ஏறி இறங்கி வாழ்பவர்களின் உடம்புக்கு நன்றாகப் புரிகிற விஷயங்கள். தவிர, இந்தக் கருவி நிஜமாகவே யாருக்காவது உதவப்போகிறது என்றால், ஒவ்வொரு தேவைக்கும் மலையிறங்க வேண்டியவர்களுக்குத்தான் முதலில் உதவ வேண்டும்.

பாரம் எங்கே உட்கார்கிறது?

1968-ல் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லேண்ட் உருவாக்கியதுதான் தலையில் மாட்டும் திரைகளின் முன்னோடி. அதைத் தலை மட்டும் தாங்க முடியாது. எனவே கூரையிலிருந்து இறங்கும் ஓர் இரும்புக் கையோடு இணைத்திருந்தார்கள். உள்ளே தெரிந்ததோ கோடுகளால் ஆன எளிய உருவங்கள். தலைக்கு மேல் தொங்கும் அந்த அமைப்புக்கு, கிரேக்கக் கதையில் வரும் டெமோக்ளிஸின் வாள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்று கதை வேறு. 2020-ல் வந்த குவெஸ்ட் 2 ஹெட்செட்டின் எடை 503 கிராம். மூன்று வருடம் கழித்து வந்த குவெஸ்ட் 3, 515 கிராம். ஆமாம், கூடியிருக்கிறது. 2024-ல் 3,499 டாலர் விலையோடு வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ 600 முதல் 650 கிராம் வரை. பேட்டரியைத் தனியாகப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், அது ஒரு 353 கிராம்.

அரைக் கிலோ ஒரு பெரிய எடையா? குண்டூர் நாட்டில் விறகுக்கட்டையோ, பலாப்பழ மூட்டையோ தலையில் வைத்து ஒற்றையடிப் பாதையில் ஏறுபவருக்கு அரைக் கிலோ ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவர் மூட்டையை நெற்றிக்கு முன்னால் தொங்கவிடுவதில்லை. துணியைச் சுருட்டிச் சும்மாடு கூட்டி, பாரத்தை உச்சந்தலைக்கு நேராக வைக்கிறார். எடை முதுகெலும்பு வழியாக நேராகக் கீழே இறங்கிவிடுகிறது. ஹெட்செட் செய்வது நேர்மாறு. அரைக் கிலோவை மூக்குக்கு முன்னால் தொங்கவிட்டு, “குனி, திரும்பு, குதி” என்கிறது. முன்னால் இழுக்கும் எடையைக் கழுத்தின் பின்பக்கத் தசைகள் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எடை முகத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்கு இழுப்பும் கூடும். கைநீட்டி ஒரு சொம்புத் தண்ணீரை ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

இந்தப் பாடத்தை ஆப்பிள் கொஞ்சம் தாமதமாகக் கற்றுக்கொண்டது. 2025 அக்டோபரில் வந்த அதன் புதிய விஷன் ப்ரோவின் எடை 750 முதல் 800 கிராம். முன்பைவிட அதிகம்! காரணங்களில் ஒன்று, புதிய பட்டையின் பின்பக்கத்தில் டங்ஸ்டன் உலோகத் துண்டுகளை வேண்டுமென்றே சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். முன்பக்க இழுப்பைப் பின்பக்க எடையால் சரிக்கட்டும் ஏற்பாடு. சும்மாட்டின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம், விலையைத் தவிர.

எடையைச் சரிக்கட்டுவது ஒரு வழி. எடையையே குறைப்பது இன்னொரு வழி. அங்கேதான் ‘பான்கேக்’ லென்ஸ் வருகிறது. பழைய ஹெட்செட்களில் திரைக்கும் கண்ணுக்கும் நடுவே லென்ஸுக்காகக் கணிசமான இடைவெளி தேவைப்பட்டது. அதனால்தான் முகத்தில் ஒரு டப்பாவை ஒட்டியதுபோல இருந்தது. பான்கேக் லென்ஸில் ஒளி நேராக வராமல், லென்ஸ் அடுக்குகளுக்குள்ளேயே முன்னும் பின்னும் பிரதிபலித்து வருகிறது. கொண்டை ஊசி வளைவு மாதிரிதான். செங்குத்தான தூரத்தைக் குறுகிய இடத்துக்குள் மடித்து வைத்துவிடுகிறது. டப்பா மெலிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒளி சிந்துகிறது. இந்த முறையில் திரையின் ஒளியில் கால் பங்கு கண்ணை அடைவதே கணக்கின்படி உச்சம். எனவே திரை பல மடங்கு பிரகாசமாக எரிய வேண்டும். அதிகம் எரிந்தால் சூடு, சூட்டைத் தணிக்க விசிறி, விசிறிக்கு பேட்டரி... எடை கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிடும்.

இந்தச் சுழலிலிருந்து தப்பித்தவர்கள், தலையில் இருக்க வேண்டிய அவசியம் இல்லாததையெல்லாம் கீழே இறக்கியவர்கள்தாம். 2023-ல் வந்த ‘பிக்ஸ்கிரீன் பியாண்ட்’ 127 கிராம். 2025-ல் வந்த அதன் அடுத்த பதிப்பு 107 கிராம். ஒரு சோப்புக்கட்டியின் எடை. வாங்குபவரின் முகத்தை ஐபோனில் ஸ்கேன் செய்து, அந்த முகத்துக்கு மட்டுமே பொருந்தும்படி மெத்தையைச் செய்து தருகிறார்கள். ஆனால் உள்ளே பேட்டரியும் கிடையாது, கணினியும் கிடையாது. ஒயர் போய்ச் சேரும் இடத்தில் ஒரு சக்திவாய்ந்த கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். 2025 நவம்பரில் வால்வ் நிறுவனம் அறிவித்த ‘ஸ்டீம் ஃபிரேம்’ நடுவழியைத் தேர்ந்தெடுத்தது. மொத்தம் 440 கிராம், அதில் முகத்தின் முன்னால் வரும் பகுதி 185 கிராம்தான். பேட்டரி பின்மண்டைக்குப் போய்விட்டது.

மூக்குக்கண்ணாடி போலவே இருக்கும் கருவிகளும் வந்துவிட்டன. 2025-ல் வந்த மெட்டா ரே-பான் டிஸ்ப்ளே 69 கிராம். ஆனால் அது ஒரு கண்ணாடியின் மூலையில் சின்னத் திரை காட்டும் கருவி. சுற்றியுள்ள உலகத்தை மறைத்து வேறோர் உலகத்துக்குள் ஆளை இறக்கும் வேலையை அது செய்யாது. விளம்பரங்களில் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். வாங்குகிறவர்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வயிறு புரட்டுவது நிற்குமா?

எடை குறைந்தால் மட்டும் குமட்டல் நின்றுவிடாது. தலையைத் திருப்பியதும் காட்சி அதே கணத்தில் திரும்ப வேண்டும். 20 மில்லி செகண்டுக்கு மேல் தாமதித்தால் மூளை கண்டுபிடித்துவிடும் என்பது துறையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒரு செகண்டில் ஐம்பதில் ஒரு பங்கு. இன்றைய நல்ல ஹெட்செட்கள் இதைத் தாண்டிவிட்டன. இன்னும் தாண்டாதது வேறொன்று. திரை கண்ணுக்கு ஒரே தொலைவில் நிற்கிறது. ஆனால் கை எட்டும் தூரத்தில் ஒரு மாம்பழத்தைக் காட்டும்போது இரண்டு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன, கண்ணின் லென்ஸோ பழைய தொலைவிலேயே குவிந்து நிற்கிறது. இழுபறி. கொஞ்ச நேரத்தில் கண் வலிக்கும். இதைத் தீர்க்கும் லென்ஸ்கள் ஆய்வகங்களில் இருக்கின்றன, கடைகளில் இல்லை.

ஒரு நல்ல செய்தி உண்டு. நிஜ உடம்பு நகரும் அளவுக்கே காட்சியும் நகர்ந்தால் குமட்டல் பெரும்பாலும் வருவதில்லை. பஸ்ஸில் புரட்டும் அதே ஆளுக்கு, அதே 70 வளைவையும் நடந்து ஏறினால் புரட்டாது. கால் வலிக்கும், அது வேறு. ஆகவே உட்கார்ந்த இடத்தில் பறக்கவைக்கும் விளையாட்டுகளைவிட, எழுந்து நின்று கையையும் காலையும் அசைக்கவைக்கும் பயன்பாடுகளே வயிற்றுக்கு நல்லது. அதற்குத் தலையின் அசைவு மட்டும் போதாது. முழு உடம்பும் எங்கே இருக்கிறது என்று கருவிக்குத் தெரிய வேண்டும்.

ஓரியின் கை எங்கே போனது?

உடலசைவைப் பதிவு செய்யும் தொழில்நுட்பம் தமிழ் ரசிகர்களுக்குப் புதிதில்லை. 2014 மே மாதம் வெளியான ‘கோச்சடையான்’ படத்தில் நடிகர்கள் உடம்பெங்கும் புள்ளிகள் ஒட்டிய இறுக்கமான உடை அணிந்து நடிக்க, சுற்றிலும் இருந்த கேமராக்கள் அந்தப் புள்ளிகளைப் பின்தொடர்ந்தன. அந்த அசைவு கம்ப்யூட்டரில் வரைந்த ரஜினிக்குப் போனது. படம் எப்படி என்ற விவாதம் இப்போது வேண்டாம். அதற்குப் பெரிய ஸ்டுடியோவே தேவைப்பட்டது என்பதுதான் விஷயம்.

வீட்டுக்குள் வரும் ஹெட்செட்டுக்கு ஸ்டுடியோ கிடையாது. அதன் கேமராக்கள் ஹெட்செட்டிலேயே இருக்கின்றன, அதாவது முகத்திலேயே. முகத்திலிருந்து பார்த்தால் எது தெரியும்? முன்னால் நீட்டிய கை தெரியும். முதுகு தெரியாது. கால் சரியாகத் தெரியாது.

செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரியை இங்கே துணைக்கு அழைக்கலாம். ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகச் சொல்லப்படும் கொல்லிமலைத் தலைவன். ஆடி மாதத்தில் அவனுக்கு மலையில் விழாவே நடக்கிறது. அந்த ஓரி ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வி.ஆரில் வில் வித்தை ஆடினால்? நாணை முகத்துக்கு முன்னால் பிடிக்கும் வரை கேமராவுக்குக் கை தெரியும். காதுக்குப் பின்னால் முழுசாக இழுத்ததும் கை கேமராவின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். கருவி ஊகிக்க ஆரம்பிக்கும். ஊகம் தப்பினால் அம்பு எங்கோ போகும். வி.ஆர் வில் விளையாட்டுகளில் பலரும் முனகிய பிரச்னைதான் இது. உடும்பு தப்பித்திருக்கும்!

கால்களின் கதை இன்னும் வேடிக்கை. மெட்டாவின் வி.ஆர் உலகத்தில் உருவங்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் இருந்தது. காற்றில் மிதக்கும் பொம்மைகள். இணையம் கேலி செய்து தீர்த்தது. 2022 அக்டோபரில் மார்க் ஸக்கர்பெர்க் தன் உருவம் கால்களோடு துள்ளிக் குதிப்பதைக் காட்டி, “கால்கள் வருகின்றன” என்று அறிவித்தார். பிறகுதான் தெரிந்தது, அந்தக் காட்சி ஹெட்செட்டில் எடுத்ததல்ல, தனியாக மோஷன் கேப்சர் செய்தது என்று. 2023 டிசம்பரில் மேலுடம்பின் அசைவை வைத்துக் காலை ஊகிக்கும் மென்பொருளை அந்த நிறுவனம் கொடுத்தது. நினைவில் வைக்க வேண்டிய சொல் ‘ஊகிக்கும்’. நடப்பது, குனிவது சரியாக வரும். ஒரு காலை மட்டும் பக்கவாட்டில் தூக்கினால் அதற்குத் தெரியாது.

ஊகம் போதாது என்பவர்களுக்கு உடம்பில் கட்டும் சென்சார்கள் இருக்கின்றன. சோனியின் ‘மோகோபி’ 2023-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. தலா 8 கிராமில் ஆறு பொத்தான்கள். தலை, இடுப்பு, இரண்டு மணிக்கட்டு, இரண்டு கணுக்கால். ‘பிகோ’ நிறுவனத்தின் கால் சென்சார் ஒவ்வொன்றும் 27 கிராம். இவை போனுக்குள் இருக்கும் அதே வகை அசைவு சென்சார்கள். ஆனால் நேரம் ஆக ஆக இவற்றின் கணக்கில் சின்னச் சின்னப் பிழைகள் சேரும். அரை மணி நேரத்தில் நேராக நிற்பவரின் உருவம் லேசாகத் திரும்பி நிற்கும். அவ்வப்போது அசையாமல் நின்று சரிசெய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது வழிதான் நம் ஊருக்கு நெருக்கமானது. ஒரே ஒரு சாதாரண கேமரா. கூகுளின் ‘மீடியாபைப்’ மென்பொருள் ஒரு போன் கேமராவின் படத்தை வைத்தே உடம்பில் 33 புள்ளிகளைக் கண்டுபிடிக்கிறது. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், குதிகால் எல்லாம். எடை? போனைச் சுவரோரம் சாய்த்து வைத்தால் உடம்பில் பூஜ்ஜியம் கிராம்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, கம்பெனிகளின் அறிமுக மேடைகளில் யாரும் பேசாத சிக்கல். சேலையும் வேட்டியும். முழங்கால் எங்கே மடங்குகிறது என்று கேமரா கண்டுபிடிக்க, முழங்கால் தெரிய வேண்டும், அல்லது துணியின் மடிப்பிலாவது தெரிய வேண்டும். ஒட்டிய பேன்ட்டில் அது சுலபம். தொளதொளத்த துணி மூடினால் மென்பொருள் தடுமாறும். சேலை கட்டிய பாட்டி காலைப் பத்து டிகிரி மடக்கினாரா, முப்பது டிகிரியா என்பது அதற்குச் சந்தேகமாகிவிடும். பாட்டிக்கு அந்த இருபது டிகிரி ரொம்ப முக்கியம். ஏன் என்பதற்குத்தான் இத்தனை முன்கதையும்.

மலையிறங்காமல் ஒரு பயிற்சி

பக்கவாதம் வந்த ஒருவருக்கு மருத்துவமனைச் சிகிச்சை முடிந்த பிறகுதான் நீண்ட வேலை ஆரம்பிக்கிறது. மடங்காத விரலை மடக்குவது, தூக்க முடியாத தோளைத் தூக்குவது, தினமும், பல நூறு முறை, மாதக்கணக்கில். சமவெளியில் இருப்பவருக்கே இது சலிப்பூட்டும். குண்டூர் நாட்டின் ஒரு குக்கிராமத்தில் இருப்பவருக்கு, பெரிய மருத்துவமனையின் பிசியோதெரபி என்றால் நாமக்கல்லுக்கு இறங்க வேண்டும். கைகால் வராதவரை 70 வளைவு இறக்கி, 70 வளைவு ஏற்றி, கூடவே ஒருவர் கூலியையும் விட்டு... இரண்டு முறை போவார்கள். மூன்றாவது முறை, “பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடத் தோன்றும்.

2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. இந்த மாதிரி ஊர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் பிசியோதெரபிஸ்ட் தினமும் ஒரே வீட்டுக்கு வர முடியாது. அவர் வந்து போன நாளுக்கும் அடுத்து வரும் நாளுக்கும் இடையே நோயாளி பயிற்சி செய்தாரா, சரியாகச் செய்தாரா, தோளைத் தூக்கும்போது முதுகை வளைத்து ஏமாற்றினாரா? யார் பார்ப்பது?

இந்த இடைவெளியில்தான் உடலசைவைப் பின்தொடரும் கருவி உட்கார வேண்டும். கற்பனை இல்லை, அதன் பாதி ஏற்கெனவே தமிழ்நாட்டில் இருக்கிறது. ஐ.ஐ.டி மெட்ராஸும் வேலூர் சி.எம்.சி-யும் சேர்ந்து உருவாக்கிய ‘ப்ளூட்டோ’ என்ற சின்ன ரோபோ, பக்கவாதத்தில் முடங்கிய கைக்குப் பயிற்சி கொடுக்கிறது. ஒரே மோட்டார், மாற்றி மாற்றிப் பொருத்தும் பிடிகள். நோயாளி மணிக்கட்டைத் திருப்பினால் திரையில் விளையாட்டு நகரும். கை எவ்வளவு திரும்பியது என்பது கணக்கில் ஏறும். மேசைமேல் வைக்கும் அளவுதான் என்பதால் வீட்டிலும் பயன்படுத்தலாம். முடிந்த அளவுக்கு நோயாளியே அசைக்க, முடியாததற்கு மட்டும் ரோபோ கைகொடுக்கும். வெறும் கேமராவால் இந்தக் கைகொடுப்பு முடியாது. எல்லாவற்றையும் ஹெட்செட்டே செய்துவிடும் என்பவர்களுக்கு இது ஒரு சின்னத் தடுப்புச்சுவர்.

ஹெட்செட்டுக்கும் இதில் இடம் உண்டு. 2021 நவம்பரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ, நாள்பட்ட இடுப்பு வலிக்கு வீட்டிலேயே பயன்படுத்தும் வி.ஆர் சிகிச்சை ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. எட்டு வாரப் பயிற்சி. 179 பேரிடம் செய்த சோதனையில், அதைப் பயன்படுத்தியவர்களில் 66 சதவிகிதம் பேருக்கு வலி 30 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. வெறும் சாதாரணக் காட்சிகளைப் பார்த்த மற்றவர்களில் 41 சதவிகிதம் பேருக்கு அதே நிம்மதி. அந்த 41-ஐயும் கவனிக்க வேண்டும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்தாலே கொஞ்சம் குணம் தெரிகிறது. மூட்டை தூக்கியே இடுப்பு விட்டுப்போனவர்கள் நிறைந்த மலையில் இரண்டு எண்களுமே சின்ன எண்கள் இல்லை.

சென்னையில் ஐ.ஐ.டி மெட்ராஸின் பேராசிரியர் எம்.மணிவண்ணன் தலைமையில் ‘எக்ஸ்டிக்’ என்ற மையம் இதே துறையில் இயங்குகிறது. அவர்களுடைய முக்கியமான ஆர்வம் தொடுவுணர்வு. தொட்டால் சொரசொரப்பையும் வழுவழுப்பையும் உணர்த்தும் திரை அவர்கள் செய்துவரும் வேலைகளில் ஒன்று. கண்ணுக்கும் காதுக்கும் அடுத்து விரலை ஏமாற்றும் முயற்சி. மூக்கையும் விடவில்லை நம் ஆட்கள். ஏ.ஆர்.ரஹ்மான் இயக்கி 2022-ல் கேன்ஸில் காட்டப்பட்ட ‘லே மஸ்க்’ வி.ஆர் படத்தில் நறுமணமும் உண்டு.

புலனை ஏமாற்றும் பொம்மை கொல்லிமலைக்குப் பழைய சரக்குதான். சங்கப் புலவர்கள் சொன்ன கொல்லிப்பாவை, பார்ப்பவரை மயக்கும் அழகு கொண்ட உருவம். தானே அசைந்து, சிரித்து, நெருங்குபவரை வீழ்த்திவிடும் என்று நம்பிக்கை. எட்டுக்கை அம்மனாக மலைமக்கள் அவளைக் கும்பிடுகிறார்கள். எதிரே வருபவரின் அசைவை அறிந்து பதிலுக்கு அசையும் உருவம் என்ற கற்பனைக்கு நம் மொழியில் இரண்டாயிரம் வருட வயது இருக்கலாம்.

நடையே கைரேகை

எதிரே வருபவரை அறிவது என்றதும் ஒரு கேள்வி வருகிறது. இப்போது அறிந்துகொள்வது யார்?

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நடந்த கல்யாணம் பலருக்கு ஞாபகம் இருக்கும். தாலி கட்டியது ஊரில். வரவேற்பு மெட்டாவெர்ஸில். விருந்தினர்கள் போனிலும் லேப்டாப்பிலும் உருவங்களாக வந்தார்கள். மணப்பெண்ணின் காலமான அப்பாவும் ஓர் உருவமாக வந்து நின்றதுதான் பார்த்தவர்களைக் கலங்கடித்தது. அன்று அந்த உருவங்கள் பட்டன் அழுத்தினால் நகரும் பொம்மைகள். நாளைக்கு ஒருவரின் நடை, தலையாட்டும் விதம், கையை வீசும் தினுசு எல்லாமே பதிவாகி இருந்தால், பொம்மை அப்படியே அவராகவே நடக்கும். தூரத்தில் வருபவரை முகம் தெரியும் முன்பே நடையை வைத்து, “அது நம்ம மாமாதான்” என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா, அந்த நடை.

அது ஆறுதலாகவும் இருக்கலாம், வினையாகவும் ஆகலாம். 2023-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ‘பீட் சேபர்’ என்ற வி.ஆர் விளையாட்டை ஆடிய 55,000-க்கும் மேற்பட்டவர்களின் தலை, கை அசைவுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பெயர் இல்லை, முகம் இல்லை. 100 செகண்ட் அசைவை வைத்து, இது இன்னார்தான் என்று 94 சதவிகிதம் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது அவர்களின் மென்பொருள். தலை, கை இரண்டுக்கே இந்தக் கதை. காலும் இடுப்பும் சேர்ந்தால்? ஒருவருக்கு நடுக்கம் ஆரம்பித்திருக்கிறதா, மூட்டு தேய்கிறதா என்பதும் அந்த அசைவில்தான் இருக்கிறது. பிசியோதெரபிஸ்டுக்குத் தேவையான அதே தகவல், ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ருசியாகவே இருக்கும்.

2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் இல்லாமல் தகவலை எடுக்கக் கூடாது, 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் சாரம். ஒப்புதல் என்பது பெரும்பாலும் திரையில் வரும் நீண்ட ஆங்கிலப் பத்திக்குக் கீழே இருக்கும் ஒரு பட்டன். அதைத் தமிழில், காதால் கேட்கும்படி சொல்லாத வரை, குண்டூர் நாட்டில் அந்தப் பட்டனை அழுத்துவது பாட்டியாக இருக்காது, அவசரத்தில் இருக்கும் பேரனாக இருப்பான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கித்தர நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விஷன் ப்ரோ 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இல்லை என்று ஆப்பிளே சொல்கிறது. மெட்டா 10 வயது முதல் பெற்றோர் கண்காணிப்பில் அனுமதிக்கிறது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மாட்டிவிட்டு ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது அழகுதான், பரிந்துரை இல்லை.

இன்றைக்கு எது சாத்தியம்?

போனைச் செருகிப் பார்க்கும் அட்டைப்பெட்டிக் கண்ணாடியை 2014-லேயே கூகுள் கொடுத்தது. 2023-ல் 1,299 ரூபாய்க்கு வந்த ஜியோடைவும் போனைச் செருகும் வகைதான். 360 டிகிரி வீடியோ பார்க்க இது போதும். முழங்கால் தேய்ந்து, ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்க முடியாதவர்கள் அருவியின் அடிவாரத்தில் நின்றதுபோலப் பார்த்துவிட்டு வரலாம். சாரல் மட்டும் கிடைக்காது. உடம்பைப் பின்தொடரும் வேலையெல்லாம் இதில் நடக்காது.

நூறு கிராமில், ஒயர் இல்லாமல், கணினியும் உள்ளேயே இருக்கும் ஹெட்செட் இன்னும் வரவில்லை. பேட்டரியும் சூடும் வழிவிட்டால் வரும். அது வரும்வரை பிசியோதெரபிக்குக் காத்திருக்கத் தேவையும் இல்லை. சுவரோரம் சாய்த்த போன், 33 புள்ளிகள், “இன்னும் கொஞ்சம் தூக்குங்க, நாலாச்சு, அஞ்சாச்சு” என்று தமிழில் எண்ணும் ஒரு குரல், வாரக் கணக்கை பிசியோதெரபிஸ்டின் போனுக்கு அனுப்பும் வசதி. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் இணைப்பு கொடுக்கும் ‘டான்ஃபினெட்’ திட்டம் இருக்கிறது. அந்த இணைப்பு ஊராட்சி அலுவலகம் வரை வந்தாலும், காபித் தோட்டத்துக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்கு சிக்னல் வருமா என்பது வேறு. அதனால் கணக்கு முழுவதும் போனுக்குள்ளேயே நடக்க வேண்டும், எண்கள் மட்டும் சிக்னல் கிடைக்கும்போது போனால் போதும். வீடியோ வீட்டைவிட்டு வெளியே போகாது என்பதால் தனியுரிமைக்கும் அதுவே நல்லது. மீடியாபைப் போன்ற மென்பொருள்கள் இப்படி போனுக்குள்ளேயே ஓடக்கூடியவைதான்.

பாக்கி இருப்பது சேலையும் வேட்டியும். கணுக்கால் தெரியக் கட்டிய சேலையில் ஏற்றத்தில் நடப்பவரின் முழங்கால் எப்படி மடங்குகிறது, மடித்துக் கட்டிய வேட்டியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுபவரின் இடுப்பு எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் மென்பொருளுக்குக் காட்டிக் கற்றுக்கொடுக்க, அப்படி நடப்பவர்களை, அப்படி உட்கார்ந்து எழுபவர்களை, அவர்கள் சம்மதத்தோடு படம்பிடிக்க வேண்டும். நடைப்பயிற்சி மேடையில் ஷூ போட்டு நடக்கும் மாணவர்களிடம் அது கிடைக்காது. சென்னையிலிருந்தோ வேலூரிலிருந்தோ யாராவது கேமராவைத் தூக்கிக்கொண்டு குண்டூர் நாட்டுக்குத்தான் வர வேண்டும். காரவள்ளியில் ஏறும்போது முன்சீட்டாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளட்டும். எலுமிச்சம்பழம் சேந்தமங்கலத்திலேயே கிடைக்கும்.